குட்டி முட்டையிடுமா?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மன்றச் செயலாளர் என் அறைக்கு வந்திருந்தார். "கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர் நீங்கள், சுரங்கத்தைப் பற்றி எழுதுங்கள்" என்றார். அருகிலிருந்த நண்பர் திரைப்படத்தைப் பற்றி எழுதச் சொன்னார். 2018-க்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் பின்னணி இசையை வாயாலேயே முழக்கத் தொடங்கிவிடுகிறார். அதற்கு நான் பழகிவிட்டேன். தங்கத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ஓணானைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அதிலும், ஆண் ஓணான் பெரிதாகவும் பெண் ஓணான் சிறிதாகவும் இருப்பதைப் பற்றி. செயலாளர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நான்கைந்து பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நகைக்கும் அன்பர்கள் நகைக்கட்டும். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிச் சிறுவனாக இருந்தபோது பட்ட கடன் ஒன்று இன்னும் தீராமல் இருக்கிறது. பணமாகப் பட்டிருந்தால் எப்போதோ தீர்த்திருப்பேன்.

எங்கள் ஊரில் தங்கம் இருக்கும் கரும்பாறை ஒரு குறுகிய பட்டைதான். நீளத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் இருக்கும். அகலமோ சில கிலோமீட்டரே. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்கள் அந்தப் பட்டையைத் தோண்டித் தோண்டி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கத்தை மூடினார்கள். அப்போது எனக்கு மூன்று வயது. சங்கு ஊதும் ஓசையை நான் கேட்டதாக அம்மா சொல்லுவாள், எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருப்பதெல்லாம் அந்தப் பட்டைக்கு வெளியே கிடக்கும் வேறு பாறைகள்தாம். சாம்பலும் வெண்மையும் கலந்த பெரும்பாறைகள். யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும். அவற்றில் தங்கம் இல்லை. ஆகவே அவை எங்களுக்கும் ஓணான்களுக்கும் உரியவையாக இருந்தன.

மாரிக்குப்பத்தில் எங்கள் லைன் வீட்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் அப்படி ஒரு பாறைக் கூட்டம் உண்டு. கோடை முற்றியதும் அதன் உச்சிகளில் ஓணான்கள் ஏறி அமரும். வேலி ஓணான் அல்ல, பாறை ஓணான். உடல் சற்றுத் தட்டையாக, பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும். கிரே என்னும் ஆங்கிலேயர் 1831-இல் இதை முதன்முதலாக விவரித்தார்; இன்று உயிர்நூலார் இதைச் சம்மோஃபிலஸ் டார்சாலிஸ் என்பர். எங்களுக்கு அது "ராஜா". தலையும் முதுகும் தீக்கொழுந்துபோல் சிவந்திருக்கும். விலாவும் கால்களும் கரியைப் பூசியதுபோல் கறுத்திருக்கும். உச்சியில் உட்கார்ந்து முன்கால்களை ஊன்றி எழும்பி எழும்பித் தலையாட்டும். அதே பாறையின் இடுக்குகளில், காய்ந்த சேற்றின் நிறத்தில், புள்ளியும் கறையுமாய்ச் சின்ன ஓணான்கள் சில ஓடும். அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர் "குட்டி".

ராஜாவைக் கொல்வது எங்கள் விளையாட்டு. தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டுப் பிடிப்போம். கை எட்டாத உயரத்தில் இருந்தால் உண்டிவில்லால் அடிப்போம். தாகத்தில் தவித்த இராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் தன் சிறுநீரைக் கொடுத்ததாம். நாட்டில் பிள்ளைகள் சொல்லிவரும் இந்தக் கதை எங்கள் லைனிலும் வழங்கியது. கொலைக்கு நியாயம் கிடைத்துவிட்டால் கை நடுங்குவதில்லை. குட்டிகளை நாங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவோம். அதை எங்கள் பெருந்தன்மை என்று நினைத்திருந்தோம்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் தையல் பழகிக்கொண்டிருந்தாள். தெருப்பெண்களின் ரவிக்கை அளவுகளை ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதி வைப்பாள். சுள்ளி பொறுக்க என்னோடு பாறைக்கு வருவாள். முதல் மழை பெய்து மண் இளகியிருந்த ஒரு நாள், பாறை அடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. உன் குட்டி இன்னா பண்ணுது பாரு."

மண்ணில் ஒரு சிறு குழி. அதில் ஒரு குட்டி, தலையும் முன்கால்களும் வெளியே தெரிய, பின்னுடலைக் குழியில் இறக்கி அசையாமல் இருந்தது. நாங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். வெகுநேரம் கழித்து அது திரும்பி, முன்கால்களால் மண்ணை வாரிக் குழியை மூடியது. மூக்கால் மண்ணை அழுத்தியது. பிறகு ஒரு கல்லின் அடியில் ஓடி மறைந்தது. அக்கா விரலால் மெல்லத் தோண்டினாள். வெண்மையாக, தோல்போல் மெத்தென்று எட்டு முட்டைகள். பார்த்துவிட்டு, இருந்தபடியே மூடினாள்.

"குட்டி முட்டை போடுமாடா?" என்றாள்.

என்னிடம் விடை இல்லை. "இது வேற ஜாதி ஓணானா இருக்கும்" என்று சொன்னேன். அவள் ஒப்பவில்லை. ராஜாவும் இதுவும் ஒரே பாறையில் எப்போதும் சேர்ந்தே இருப்பது ஏன், ராஜாவில் முட்டையோடு ஒன்றுகூட ஏன் இல்லை என்று கேட்டாள். அன்றிலிருந்து நாங்கள் அடித்துப் போட்டவற்றையெல்லாம் தன்னிடம் கொண்டுவரச் சொன்னாள். தையல் டேப்பை எடுத்து அளந்தாள். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரைக்கும் அளப்பாள்; வாலை அளக்கமாட்டாள். "பாதி வாலு உங்க கல்லுல போயிடுது, அத நம்பி இன்னா அளக்கறது?" என்பாள். உலகெங்கும் பல்லியினங்களை அளப்போர் இப்படித்தான் அளக்கிறார்கள் என்பதும், வாலை விலக்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் இதுவே என்பதும், பின்னர்க் கல்லூரிக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒழுங்காகத் தைக்கத் தெரிந்தவளுக்கு எதை அளப்பது, எதை அளக்கக்கூடாது என்பது தானே தெரிந்துவிடுகிறது போலும்.

அளந்த பிறகு பிளேடால் வயிற்றைக் கீறிப் பார்ப்பாள். அம்மா ஒருநாள் இதைக் கண்டு துடைப்பக்கட்டையை எடுத்துவிட்டாள். நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, தலைகீழாகத் திருப்பி எழுதிவந்தாள். ஒரு பக்கத்தில் மூன்று கட்டங்கள்: "பெரிசு", "சின்னது, முட்டை இருந்தது", மூன்றாவது கட்டத்தின் தலைப்பில் வெறும் கேள்விக்குறி. பெரிசுகள் ஐந்து அங்குலம், அதை ஒட்டி. முட்டையிருந்தவை நான்கு அங்குலத்துக்கு உள்ளே. கேள்விக்குறிக்குக் கீழே இருந்தவை அளவில் சின்னவை. நிறத்திலும் குட்டியைப் போலவே பழுப்பு. ஆனால் உள்ளே முட்டை இல்லை. அவற்றில் சிலவற்றின் வாலடி மட்டும் சற்றுப் பருத்திருந்தது. இவை என்ன? இளம் ஆணா, முட்டையிட்டு முடித்த பெண்ணா, முட்டை வைக்கும் பருவம் வராத பெண்ணா? அவள் முடிவு கட்டவில்லை, கேள்விக்குறியாகவே விட்டுவைத்தாள்.

அந்த ஆண்டு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எனக்கு ஏழாம் வகுப்பு. மற்றவர்கள் எரிமலையும் மழைநீர்த் தொட்டியும் செய்துகொண்டிருந்தார்கள். நான் அக்காவின் நோட்டை எடுத்து இரவெல்லாம் ஒரு சார்ட்டு எழுதினேன். ராஜாவைச் சிவப்பு மையால் வரைந்தேன். "பெரியது ஆண், சிறியது பெண்" என்று தலைப்பிட்டு இரண்டு கட்டங்கள் போட்டேன். மூன்றாவது கட்டத்துக்கு இடமில்லை. உண்மையைச் சொன்னால், இடம் இருந்தது. ஆனால் அது படத்தின் அழகைக் கெடுத்தது. கேள்விக்குறிகளை எல்லாம் பெண்ணின் கட்டத்தில் சேர்த்துவிட்டேன். கீழே என் பெயரையும் வகுப்பையும் எழுதினேன்.

வெளியூரிலிருந்து நடுவராக வந்திருந்த ஆசிரியர் ஒருவர் என் சார்ட்டின் முன் நின்று கேட்டார்: "சிறியவை எல்லாம் பெண் என்று எப்படிக் கண்டாய், தம்பி? இந்தப் பாறையில் சிறிய ஆணே கிடையாதா?"

"கிடையாது சார்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஓர் எவர்சில்வர் தட்டு. வீட்டுக்கு வந்ததும் அக்கா சார்ட்டை விரித்துப் பார்த்தாள். "கேள்விக்குறி எங்கடா?" என்று மட்டும் கேட்டாள். இடம் இல்லை என்றேன். அவள் சார்ட்டைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். பெயரைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏதேனும் சொல்லியிருப்பேன். அந்தத் தட்டில்தான் அம்மா எனக்குச் சோறு போட்டுவந்தாள்.

இனி, பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு நான் கற்றவற்றுக்கு வருகிறேன். பல்லி என்றால் நாம் சுவர்ப்பல்லியை மட்டும் நினைக்கிறோம். ஓணான், அரணை, உடும்பு எல்லாம் அந்தப் பேரினத்தின் கிளைகளே. இவற்றுள் ஆண் பெரிதாக இருக்கும் இனங்களும் உண்டு, பெண் பெரிதாக இருக்கும் இனங்களும் உண்டு, வேறுபாடு ஏதும் தெரியாதவையும் உண்டு. உடும்புகளில் ஆண் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் பறக்கும் ஓணானின் இனத்தாரில், பல வகைகளில் பெண்தான் பெரியவள். வயிற்றில் முட்டைகளைச் சுமந்துகொண்டு மிதக்க வேண்டியவள் அவளல்லவா?

காரணம் என்ன என்று கேட்டவர்களுள் முதல்வராக டார்வினைச் சொல்லலாம். மனிதனின் தோற்றத்தைப் பற்றி 1871-இல் வெளியிட்ட நூலில் அவர் ஓணான்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். தொண்டையில் விசிறி விரிக்கும் 'சித்தானா' ஓணானில் ஆணுக்கு மட்டுமே அந்த வண்ண விசிறி இருப்பதைக் குறிப்பிடுகிறார். (இந்தச் சித்தானாவில் ஓர் இனத்துக்குப் புதுச்சேரியின் பெயரையே 1829-இல் குவியே சூட்டியிருக்கிறார் என்பதை நம் புதுவை நண்பர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) ஆண்கள் பெண்களுக்காகவும் இடத்துக்காகவும் ஒன்றோடொன்று மோதும் இனங்களில் பெரிய உடல் வெல்லும், வென்றதே தந்தையாகும், ஆகவே தலைமுறைதோறும் ஆண் பெருக்கும். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், தாயின் உடல் பெரிதானால் முட்டைகளுக்கு இடம் பெருகும். தார்வாரில் கருநாடகப் பல்கலைக்கழகத்தில் பாக்யஸ்ரீ ஷான்பாக், ராஜ்குமார் ராடர், சாயிதாபூர் ஆகியோர் நம் வேலி ஓணானை ஆராய்ந்து, ஓர் ஈட்டில் இடும் முட்டைகளின் மொத்த எடை தாயின் உடல் அளவைப் பொறுத்தது என்று 2000-இல் எழுதினார்கள். அப்படியென்றால் பெண்ணைப் பெரிதாக்க இழுக்கும் விசையும் உண்டு, ஆணைப் பெரிதாக்க இழுக்கும் விசையும் உண்டு. எந்தக் கயிறு வலுவாக இழுக்கிறதோ அந்தப் பக்கம் இனம் சாய்கிறது.

கேட்பதற்கு அழகான விளக்கம். ஆனால் காக்ஸ் முதலானோர் 2003-இல் உலகின் பலவகைப் பல்லியினங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இந்த இரண்டு காரணங்களும் மெய்தான் என்றாலும், இனத்துக்கு இனம் காணும் வேறுபாட்டில் ஒரு சிறு பங்கையே அவை விளக்குகின்றன என்று கண்டார்கள். மீதிக்கு வேறு ஏதோ இருக்கிறது. அங்கும் ஒரு கேள்விக்குறிக் கட்டம்!

என்னை அதிகமாகச் சிந்திக்கவைத்தது இன்னொரு செய்தி. ஏன் பெரிது என்பது ஒரு கேள்வி. எப்படிப் பெரிதாகிறது என்பது வேறு கேள்வி. பெரும்பாலான பல்லியினங்களில் முட்டையை உடைத்து வெளிவரும்போது ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே அளவு. வேறுபாடு பிறகு வருகிறது: ஒன்று விரைவாக வளர்கிறது, அல்லது நெடுங்காலம் வளர்கிறது; மற்றொன்று வளர்வதற்குரிய உணவை முட்டையாக்கிவிடுகிறது. காக்சும் ஜான்-ஆல்டரும் வட அமெரிக்காவின் முள்ளோணான்களில் 2005-இல் செய்து காட்டிய சோதனையைப் பாருங்கள். ஆண் பெரிதாயிருக்கும் ஓரினத்தில் ஆணின் விதைகளை அகற்றினால் அதன் வளர்ச்சி குன்றுகிறது. பெண் பெரிதாயிருக்கும் நெருங்கிய உறவினத்தில் அதே அறுவையைச் செய்தால் ஆண் முன்னைவிட நன்றாக வளர்கிறது! டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஒரே சுரப்பு ஓரினத்தில் வளர்க்கிறது, மற்றொன்றில் தடுக்கிறது. 'ஆண்மைச் சுரப்பு' உடலைப் பெருக்கும் என்று நாம் பொதுவில் பேசிக்கொள்வதெல்லாம் எங்கே போயிற்று?

இதைப் படித்த அன்றிரவு எங்கள் வீட்டு வாசற்கால் நினைவுக்கு வந்தது. நானும் அக்காவும் ஆண்டுதோறும் பொங்கலன்று அதில் முதுகை ஒட்டி நிற்போம். அப்பா தலைக்கு நேரே ஆணியால் கீறுவார். எனக்குப் பதினான்கு வயது ஆகும்வரை அவள் கோடு மேலே, என் கோடு கீழே. வீட்டில் முட்டை வாங்கினால் அம்மா எனக்கு ஒன்று முழுதாக வைப்பாள். ஆண்பிள்ளை வளரவேண்டும் என்பாள். அக்காவுக்குக் குழம்பு. என் கோடு அவள் கோட்டைத் தாண்டிய பொங்கலன்று, "ஆம்பளை ஜாதியே பெரிசுதான்" என்று நான் மார்தட்டினேன். "பொறந்தப்பவே பெரிசா இருந்தியா? என் முட்டையையும் சேர்த்துத் தின்னு பெரிசானே" என்றாள் அவள். மனிதரின் உயரம் முட்டையால் மட்டும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவின் வாதத்தில் ஓட்டை உண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்பதில் அவள் அன்றே சரியாக இருந்தாள்.

இனி என் சார்ட்டின் பெரும்பிழைக்கு வருகிறேன். தார்வார் ஆராய்ச்சியாளர் ஆஸ்திரேலியரான ரிச்சர்ட் ஷைனோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நம் பாறை ஓணானைப் பற்றியதே. பாறையில் எது எந்த உயரத்தில் அமர்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். உடலளவு, பால், இனப்பெருக்க நிலை ஆகிய மூன்றும் அதைத் தீர்மானிக்கின்றன. பெரிய ஆண்கள் உச்சியைப் பிடித்துக்கொள்கின்றன. நூலக மேசையில் இதைப் படித்தபோது எனக்கு உடல் வியர்த்தது. நாங்கள் உண்டிவில்லால் அடித்தவை எவை? உச்சியில் நின்று தலையாட்டியவை. அதாவது ஆண்களிலேயே பெரியவை. கீழே இடுக்கில் பதுங்கியிருந்த சிறிய ஆண்கள் எங்கள் கணக்கில் வரவேயில்லை. வந்த ஒன்றிரண்டையும் நான் பெண்ணின் கட்டத்தில் தள்ளிவிட்டேன். ஆண் பெரிது என்பது பொய்யில்லை. பாறை ஓணானில் அது நன்றாகத் தெரிந்த உண்மை. ஆனால் என் சார்ட்டில் இருந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை உண்டாக்கியது இயற்கையன்று, எங்கள் உண்டிவில். இன்னொரு பகுதியை உண்டாக்கியது என் பேனா.

உச்சியில் இருப்பதற்கு விலையும் உண்டு. மேலே பருந்தும் வல்லூறும், கீழே எங்களைப் போன்ற வீரர்களும். அதனால்தானோ என்னவோ, அந்தச் சிவப்பும் எப்போதும் ஒரே சிவப்பாக இருப்பதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கர் குழுவினர் காட்டியிருப்பதுபோல, ஆண் தன் நிறத்தைச் சில நொடிகளில் மாற்றிக்கொள்கிறது. பெண்ணைக் கண்டால் ஒரு கோலம், மற்றோர் ஆணைக் கண்டால் வேறு கோலம். பழுப்பாக இருப்பது பெண் என்று நிறத்தைக் கொண்டு மட்டும் சொல்வதும் இதனால் ஆபத்தாகிறது.

தமிழ் மாணவர் மலரில் விலங்கியலா என்று முகம் சுளிக்கும் இலக்கிய மாணவர்களுக்கு ஒரு சொல். குறுந்தொகை 140-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் பாலை வழியில் ஓர் ஓணானை வைக்கிறார். வெறும் ஓணான் என்று சொல்லவில்லை. முதிர்ந்த ஆண் என்று சொல்லுகிறார். அரிவாளின் பல்போன்ற அதன் முதுகையும் சொல்லுகிறார். 'போத்து' என்னும் ஆண்பாற் பெயரை அதற்கு ஆளுகிறார். முதுகு அப்படி இருப்பதால் அது வேலி ஓணானின் உறவாக இருக்கவேண்டும், எங்கள் பாறை ஓணானாக இராது என்பது என் கணிப்பு. இன்னும் ஒன்று: முதிர்ந்தது, ஆண் என்று இரண்டையும் தனித்தனியே குறித்திருக்கிறார். என் சார்ட்டுக்கு இல்லாத நிதானம் அது.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். அக்கா இப்போது பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர்க்காரர் ஆயிரக்கணக்கானோர் செய்வதுபோல, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இருட்டிய பிறகு இறங்குகிறாள். ஞாயிறு ஒன்றுதான் அவளுக்குப் பகல். அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவளைப் பாறைக்கு அழைத்துப் போனேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன்: நடுவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய், கட்டம் மாற்றியது, பெயர் எழுதியது.

"அந்த வாத்தியார் அப்படியா கேட்டாரு?" என்றாள். அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. "நல்ல கேள்வி. என்கிட்ட கேட்டிருந்தா வாலடியைப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்."

வளர்ந்த ஆணுக்கு வாலின் அடி பருத்திருக்கும் என்பது இன்று என் பாடநூலில் இருக்கிறது. அவளுக்கு அது பிளேடும் டேப்பும் சொல்லித் தந்தது. அவள் பெயரை இந்தக் கட்டுரையில் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "அக்கான்னு போடு, போதும். தட்டு மட்டும் எனக்கு வேணும்." அன்று மாலையே அம்மாவிடமிருந்து தட்டை வாங்கித் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

பாறையில் நாங்கள் ஒன்றையும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய தொலைநோக்கி என்னிடம் இருந்தது. உச்சியில் ஒரு ராஜா, பழையபடியே செக்கச்செவேலென்று. நான் அதை நோக்கியே தொலைநோக்கியைத் திருப்பியிருந்தேன். அக்கா என் தலையைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பினாள். பாறையின் இடுப்பளவு உயரத்தில், ஒரு வெடிப்பின் வாயில், பழுப்பாக ஒன்று. ராஜாவைவிடச் சிறிது, முட்டையிடும் பெண்களைவிடச் சற்றுப் பெரிது போலவும் தோன்றியது. ஒருமுறை தலையாட்டியது, நின்றுவிட்டது. வாலடி வெடிப்புக்குள் இருந்தது, தெரியவில்லை.

"பொண்ணு" என்றேன் நான்.

"எதை வெச்சுச் சொல்றே?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அதே நீளக் கணக்கு நோட்டு அல்ல. அது கரையான் அரித்துப் போயிற்றாம். இது புதியது, முன்பக்கத்தில் தொழிற்சாலைக் கூலிக் கணக்கு. தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டாள். மூன்றாவதன் தலையில் கேள்விக்குறி இட்டு, அதன் கீழே அன்றைய தேதியை எழுதி, "இடுப்பளவு வெடிப்பு" என்று குறித்தாள்.

"நீ ஊருக்குப் போ. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துச் சொல்றேன்."

இதை அச்சுக்குக் கொடுக்கும்போது நான்கு ஞாயிறுகள் ஆகிவிட்டன. நேற்றிரவும் தொலைபேசியில் கேட்டேன். வெடிப்பைவிட்டு ஒரு முழம் மேலே ஏறியிருக்கிறதாம். நிறம் இன்னும் பழுப்புத்தானாம்.